சங்கு ஊதாமல் திறந்த கதவு

நோர்டர்ஸைல் மதகு வீடு,
அக்டோபர், இரண்டாம் ஞாயிறு.

அன்பு மகன் ஹில்கோவுக்கு,

அப்பா ரூலோஃப் சொல்லச் சொல்ல அம்மா ஃபெம்மி எழுதும் கடிதம். நார்வேயில் மழை ஓயவில்லை என்று வானொலியில் கேட்டோம். இங்கும் அதே மழைதான், காற்று மட்டும் கூடுதல். அம்மாவின் இடது கண்ணில் இருந்த புரையை எடுத்துவிட்டார்கள். இப்போது வீட்டில் உள்ள தூசி முழுவதும் அவளுக்குத் தெரிகிறது. என் நிம்மதி போயிற்று. பிளம் மரம் இந்த வருடம் அளவுக்கு மீறிக் காய்த்து ஒரு கிளையை முறித்துக்கொண்டது. உன் பழைய சைக்கிளை யாருக்கும் கொடுக்கவில்லை. சங்கிலிக்கு எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன்.

பெரிய செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன வாரம் வியாழக்கிழமை, மாகாண அலுவலகத்தில், அதே அறையில், அதே நீள மேசையில், என் மேல் இருந்த பழியை எடுத்துவிட்டார்கள். முத்திரை போட்ட காகிதம் வந்திருக்கிறது. அம்மா அதை நான்கு முறை படித்தாள். எனக்கு முதல் முறையிலேயே மனப்பாடமாகிவிட்டது. "மதகுக் காவலர் கைப்பொத்தானை அழுத்தவில்லை. கதவு தானாகவே திறந்தது. காவலர் மேல் எந்தக் குற்றமும் இல்லை." மூன்றே வாக்கியம். மூன்று வருடம் காத்திருந்ததற்கு, வருடத்துக்கு ஒன்று.

உன் பழைய அலுவலகத்து யாந்தினா உனக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டதாகச் சொன்னாள். உன் பதிலைப் பற்றி அவளாகச் சொல்லவில்லை, நான்தான் குடைந்து கேட்டேன். "பார்த்தேன். தவறு என்னுடையது. இனி இந்த வேலையைத் தொட மாட்டேன்." அவ்வளவுதான் எழுதியிருந்தாயாம். முதல் இரண்டும் சரி. மூன்றாவதைப் பற்றிப் பேசத்தான் இந்தக் கடிதம். தொலைபேசியை நீ எடுப்பதில்லை. கடிதம் என்றால் தபால்காரர் கதவின் துளை வழியாகத் தள்ளிவிட்டுப் போய்விடுவார், நீ குனிந்து எடுத்துத்தான் ஆக வேண்டும்.

யாந்தினா உன்னிடம் கணக்காகச் சொல்லியிருப்பாள். நடந்ததை நடந்தபடி நான் சொல்கிறேன், கேள்.

அவள் நம் வீட்டுக்கு முதலில் வந்தது இந்த ஆகஸ்ட் தொடக்கத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை. நீ வேலை பார்த்த அதே அலுவலகம். மதகின் கட்டுப்பாட்டுப் பெட்டி பழசாகிவிட்டது, புதுப் பெட்டி வருகிறது, அதற்குள் போகும் கணினி நிரலை அவள் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள் என்றாள். மதகு எப்படி வேலை செய்கிறது என்று நகரத்தில் கேட்டால் எல்லாரும் காகிதத்தைக் காட்டுகிறார்கள், அதனால் முப்பத்தோரு வருடம் அதை ஓட்டியவரிடமே கேட்கலாம் என்று வந்தாளாம். எனக்கு எழுத்து தெரியாது என்று வாசலிலேயே சொல்லிவிட்டேன். "சரக்குப் படகுல பொறந்தவன் நான். ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பதினஞ்சு நாள்னு பதினாலு பள்ளிக்கூடம் போனேன். எல்லாத்துலயும் முதல் எழுத்தை மட்டும் சொல்லிக்கொடுத்தாங்க" என்றேன். அவள் சிரித்துவிட்டு, "படிக்க வேணாம் ஐயா, காது இருந்தாப் போதும். படிக்கறது என் வேலை" என்றாள்.

காபிக்கு ஒரு பிஸ்கட் கொடுத்துவிட்டு டப்பாவை மூடுவது அம்மாவின் வழக்கம் என்று உனக்குத் தெரியும். யாந்தினா பேச்சோடு பேச்சாக டப்பாவைத் தானே திறந்து இரண்டாவதை எடுத்தாள். அம்மா என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். அன்றைக்கே அம்மாவுக்கு அவளைப் பிடித்துவிட்டது. (அப்படி இல்லை என்று சொல்லிக்கொண்டே எழுதுகிறாள்.)

அலுவலகத்தில் அவளுக்கும் மைண்டர்டுக்கும் ஒத்துப்போகவில்லை. மைண்டர்டை உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். உன்னை வேலைக்கு எடுத்தவர், மதகுக்கு நீ எழுதிய நிரலைப் பார்த்து ஒப்புதல் போட்டவர். பழைய நிரலை அப்படியே புதுப் பெட்டியில் இறக்கினால் போதும் என்பது அவர் கட்சி. பன்னிரண்டு வருடமாக நான்கு மதகுகளில் ஓடுகிறது, ஒரே ஒரு தடவைதான் தவறு நடந்தது, அதுவும் மனிதன் செய்தது என்று சொன்னாராம். அந்த மனிதன் நான். நிரலில் பெயர்கள் எல்லாம் ஒற்றை எழுத்தாக இருக்கின்றன, வாய்விட்டுப் படித்தால் ஒன்றும் விளங்கவில்லை என்று இவள் சொல்ல, "வாய் விட்டு எதுக்கும்மா படிக்கணும்? மெஷின் படிக்கறதுக்கு எழுதினது. மதகுக்காரக் கிழவனுக்குக்கூடப் புரியற மாதிரி எழுதணும்னு சொல்லுவ போலிருக்கு" என்று அவர் நக்கலடித்திருக்கிறார். "ஆமா, அப்படித்தான் எழுதப்போறேன்" என்று இவள் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பி நேராக நம் வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் என்ன செய்ய? ஒருவர் கிண்டலாகச் சொன்னதை இன்னொருவர் வேலையாக எடுத்துக்கொண்டார், நடுவில் எனக்குச் செவ்வாய்தோறும் நல்ல பொழுது.

முதல் வாரம் நீ எழுதியதை எழுதியபடியே படித்தாள். எக்ஸ் ஒன்று, எக்ஸ் இரண்டு, கே, டி மூன்று. கத்தோலிக்கக் கோயிலில் லத்தீன் பூசைக்கு நடுவே போய் நின்ற மாதிரி இருந்தது. இதில் ரகசியம் எதுவும் இல்லை, பையன் எழுத்தை மிச்சம் பிடித்திருக்கிறான் என்றாள். பெட்டிக்குள் இடம் குறைவாயிற்றே, அதனால் இருக்கும் என்று நான் உன் பக்கம் பேசினேன். "பேரு சின்னதா இருந்தாலும் பெருசா இருந்தாலும் பெட்டிக்குள்ள ஒரே இடம்தான் ஐயா. மெஷின் பேரையெல்லாம் துப்பிட்டுத்தான் முழுங்கும். பேரு நமக்குத்தான்" என்றாள்.

அடுத்த வாரம் பெயர்களை மாற்றிக்கொண்டு வந்தாள். எக்ஸ் ஒன்று, வெளித்தண்ணீர் ஆனது. எக்ஸ் இரண்டு, இரு கதவுக்கும் நடுவே படகு நிற்கும் தொட்டித்தண்ணீர். கே என்பது கதவு. அப்போதுதான், ஹில்கோ, நீ எழுதியது என் காதுக்குள் இறங்கியது. படகு உள்ளே வருகிறது, பின்கதவு இறங்குகிறது, தொட்டித் தண்ணீர் வெளித் தண்ணீரோடு சமமாகிறது, சங்கு ஊதுகிறது, முன்கதவு எழுகிறது. பெட்டி வரும்வரை நான் கையால் செய்ததை நீ வார்த்தையால் செய்திருந்தாய். ஒரு இடத்தில் பருவநிலைக்குத் தகுந்தபடி கதவை மெதுவாக இறக்குகிறாய், குளிர்காலத்தில் பனிக்கட்டி சிக்காமல் இருப்பதற்காக. அதை நீ பத்து வயதில் என் பக்கத்தில் நின்று பார்த்தாய். மறக்கவில்லை போலிருக்கிறது. அந்த இடத்தை இரண்டாம் முறை படிக்கச் சொல்லிக் கேட்டேன்.

படித்ததில் ஒரு இடம் மட்டும் எனக்குக் குத்தியது. மின்சாரம் போய்த் திரும்பி வந்தால் என்ன செய்வது என்று ஒரு துண்டு. "தண்ணி சமமா இருந்தா, சங்கு ஊது, கதவைத் தூக்கு" என்று படித்தாள். நான் தலையை ஆட்டினேன், ஆனால் மனம் ஆடவில்லை. விபத்து நடந்த அந்த வியாழக்கிழமை சங்கு ஊதவே இல்லையே.

அந்த நாளை நீயும் மறந்திருக்க மாட்டாய். மூன்று வருடத்துக்கு முந்திய ஆகஸ்ட், மாலை நாலேகால். கிழக்கே இடி. லாமெர்டின் மணல் படகு தொட்டிக்குள் கட்டிக்கிடந்தது. வெளியே தண்ணீர் இன்னும் இரண்டு சாண் உயரம். விளக்கு ஒரு முறை கண் சிமிட்டியது. நான் மனதுக்குள் எண்ணத் தொடங்கினேன், பதினொன்று வரை வந்தேன். முன்கதவு எழுந்தது. தண்ணீர் பாய்ந்தது, படகு பின்னால் போய் மோதியது, அறுந்த கயிறு லாமெர்டின் காலை முறித்தது. சங்கு சத்தம் இல்லை. விசாரணையிலும் அதைத்தான் சொன்னேன். சங்கு ஊதவில்லை என்று சொன்னதே எனக்கு வினையாயிற்று. கதவு தானாக எழுந்தால் சங்கு ஊதும், கைப்பொத்தானை அழுத்தினால் ஊதாது. ஆகவே கிழவர் பொத்தானை அழுத்தியிருக்கிறார் என்று முடித்துவிட்டார்கள். மின்சாரம் போன அந்த நிமிடம் பெட்டியின் பதிவிலும் இல்லை. தொழிற்சங்கத்துக்காரர் வெளியே வந்ததும், "ஊதுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கலாமே, பெருசு" என்றார். "ஊதலையே" என்றேன்.

திரையை என் பக்கம் திருப்பி அதில் இருந்த எச்சரிக்கையை உரக்கப் படிக்கச் சொன்னார்களே, அதைப் பற்றி இப்போது பேச வேண்டாம். நீ ஜன்னல் ஓரம் உட்கார்ந்து உன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு உன்னைக் கேட்டார்கள். "சங்கு ஊதாம கதவு தானா எழும்பாது. எழுதினவன் நான், எனக்குத் தெரியும்" என்றாய். உனக்குத் தெரிந்ததைச் சொன்னாய், எனக்குத் தெரிந்ததை நான் சொன்னேன். பொய் சொன்னவர் அந்த அறையில் ஒருவரும் இல்லை. அதுதான் இந்த மூன்று வருடமும் எனக்கு விளங்காமல் இருந்தது. இரண்டு பேரும் உண்மை சொன்னால் கதவு எப்படி எழுந்தது?

மூன்றாவது செவ்வாய் அது விளங்கியது.

யாந்தினாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. யாருடைய நிரலைக் கையில் எடுத்தாலும், ஒரு சொல்லைத் திருத்தும் முன், நிபந்தனை வரும் இடமெல்லாம் தொடக்கத்திலும் முடிவிலும் அடைப்புக்குறி போடுவாள். ஒற்றை வரி என்றாலும் போடுவாள். கையால் போடுவதில்லையாம், அதற்கென்று ஒரு கருவி இருக்கிறதாம். பார்ப்பவன் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்று அது கேட்காது, இயந்திரம் எப்படிப் புரிந்துகொள்கிறதோ அப்படியே போட்டுக் கொடுக்கும். "ஒரு வரிக்கு எதுக்கு பிராக்கெட்னு விட்டுடறது இவனுங்களுக்குப் பழக்கம்" என்றாள். "இவனுங்கன்னா என் பையனும்தானே" என்றேன். காது சிவந்துவிட்டது அவளுக்கு. பிறகு படித்தாள்.

"தண்ணி சமமா இருந்தா. அடைப்பு ஆரம்பம். சங்கு ஊது. அடைப்பு முடிவு. கதவைத் தூக்கு."

நான் கையைத் தூக்கினேன். "நில்லும்மா. போன செவ்வாய் இப்படிப் படிக்கலையே."

"அதே துண்டுதான் ஐயா. ஒரு எழுத்து மாத்தல. அடைப்பு மட்டும்தான் புதுசு."

"போன செவ்வாய் 'தண்ணி சமமா இருந்தா சங்கு ஊது, கதவைத் தூக்கு'ன்னு ஒரே மூச்சுல படிச்ச. இன்னிக்கு சங்குக்கும் கதவுக்கும் நடுவுல வேலி விழுந்திருக்கு. கதவு வேலிக்கு வெளியில நிக்குது. தண்ணி சமமா இல்லேன்னா?"

"சங்கு ஊதாது."

"கதவு?"

அவள் அந்தத் துண்டை மறுபடி விரல் வைத்துப் பார்த்தாள். காபியில் தோய்த்த பிஸ்கட் கரைந்து கோப்பைக்குள் விழுந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை. அம்மாதான் கரண்டி கொண்டுவந்தாள். பிறகு நிமிர்ந்து, "கதவு எழும்பும், ஐயா. ஊதாம எழும்பும்" என்றாள்.

நீ அந்த இரண்டு வரிகளையும் ஒன்றின் கீழ் ஒன்றாக உள்ளே தள்ளி அழகாக எழுதியிருக்கிறாய். பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருப்பது போலத் தெரியும். நீ அப்படித்தான் பார்த்தாய், மைண்டர்டும் அப்படித்தான் பார்த்தார், யாந்தினாவே முதலில் அப்படித்தான் படித்தாள். தள்ளி எழுதியதை இயந்திரம் பார்ப்பதே இல்லையாம். அடைப்பு இல்லாவிட்டால் முதல் வரி ஒன்றுதான் நிபந்தனைக்குக் கட்டுப்படும், அடுத்த வரி தன் போக்கில் நடக்கும். இயந்திரமும் என்னைப் போல எழுத்தறியாத ஜென்மம்தான், ஹில்கோ. பக்கத்தின் அழகு அதற்குத் தெரியாது. சொன்னதை மட்டும் கேட்கும். மதகு வேலையின் நடுவில் நிற்க, தண்ணீர் சமமாகாமல் இருக்க, சரியாக அந்த நேரம் பார்த்து மின்சாரம் சிமிட்டினால்தான் அந்தத் துண்டுக்கு வேலை. பன்னிரண்டு வருடத்தில் அது ஒரே தடவை நடந்தது.

நான் அன்று கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அப்போ என் பையனும் பொய் சொல்லல, நானும் பொய் சொல்லல?" "ரெண்டு பேரும் சொல்லல" என்றாள். அம்மா அடுப்படிக்குப் போய்க் கடுகு சூப்பைக் கிளறிக்கொண்டே இருந்தாள், கிளற வேண்டிய அளவுக்கு மேல்.

மைண்டர்ட் நம்பவில்லை. வெள்ளிக்கிழமை வந்தார், பழைய காகிதத்தை நம் மேசை மேல் விரித்து மூன்று முறை பார்த்தார். "நல்லாத்தானே இருக்கு, ரெண்டும் உள்ளதானே இருக்கு" என்றார் மூன்று முறையும். யாந்தினா சண்டை போடவில்லை. "கண்ணை மூடிக்கிட்டு ஒரு தடவை கேளுங்க" என்றாள். கண்ணை மூட மாட்டேன் என்றுவிட்டார். மனிதருக்கு மானம் இருக்கிறதல்லவா. சோதித்துப் பார்த்துவிடலாம் என்று முடிவாயிற்று.

செப்டம்பர் மூன்றாம் வாரம், காலை பத்து மணி, வெயில். மாகாணத்திலிருந்து இரண்டு பேர். தொட்டிக்குள் படகு எதையும் விடவில்லை, வெளித் தண்ணீரை இரண்டு சாண் உயரத்தில் நிறுத்தினார்கள், அன்றைக்கு இருந்த அதே அளவு. மின்சாரத்தைத் தானேதான் அணைத்துப் போடுவதாக மைண்டர்ட் பிடிவாதம் பிடித்தார். அணைத்தார், போட்டார். விளக்கு ஒரு முறை சிமிட்டியது. எல்லாரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். நான் உரக்க எண்ணினேன். ஒன்பது, பத்து, பதினொன்று.

கதவு எழுந்தது. சங்கு ஊதவில்லை.

தண்ணீர் தொட்டிக்குள் இரைந்துகொண்டு விழுந்தது. மூன்று வருடமாக என் மண்டைக்குள் மட்டும் கேட்ட சத்தத்தை ஆறு பேர் சேர்ந்து கேட்டார்கள். மைண்டர்ட் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "என் கண்ணு பன்னெண்டு வருஷமா எனக்கே பொய் சொல்லியிருக்கு, ரூலோஃப்" என்றார். அன்று மாலைக்குள் மற்ற மூன்று மதகுகளிலும் அந்தத் துண்டைத் திருத்திவிட்டார்கள். அங்கெல்லாம் யாருக்கும் கால் முறியும் முன் முடிந்தது. அதை நினைத்துப் பார்.

போன வாரத்து வியாழக்கிழமைக்கு வருகிறேன். அதே அறை. எனக்கு அதே நாற்காலியைத்தான் போட்டார்கள், வேண்டுமென்று செய்யவில்லை, இருந்ததே அவ்வளவுதான். மாகாணத்து அம்மையார் தலைமை. பழைய தவறு தெரிந்துவிட்டது, புது நிரல் சரிதான் என்று நாங்கள் எப்படி நம்புவது, மின்சாரம் சிமிட்டினால் இப்போது என்ன நடக்கும் என்று மைண்டர்டைக் கேட்டார். அவர் காகிதத்தைப் புரட்டத் தொடங்கினார். பாவம், கண்ணாடியை வேறு மறந்துவிட்டு வந்திருந்தார். யாந்தினா, "ரூலோஃபைக் கேளுங்க" என்றாள்.

அம்மையார் என்னைப் பார்த்தார். காகிதம் வேண்டுமா என்று கேட்டார். "எனக்குக் காகிதம் ஆகாதுங்க" என்றேன். யாரோ சிரித்தார்கள். எழுந்து நின்று சொன்னேன்.

"மின்சாரம் திரும்பி வந்தா, எல்லா மோட்டாரையும் நிறுத்து. வெளித்தண்ணியை அள. தொட்டித்தண்ணியை அள. ரெண்டும் சமமா இல்லேன்னா, அடைப்பு ஆரம்பம், கதவை இருந்த இடத்துலயே வை, சிவப்பு விளக்கைப் போடு, மனுஷனைக் கூப்பிடு, இதோட திரும்பிப் போ, அடைப்பு முடிவு. இதைத் தாண்டி வந்தா சமம்னு அர்த்தம். சங்கு ஊது. மூணு எண்ணு. கதவைத் தூக்கு."

பிறகு கேட்டார்கள், குளிர்காலத் துண்டு? அதையும் சொன்னேன். பின்கதவுத் துண்டு? அதையும். மொத்தம் பதினேழு துண்டு, ஒவ்வொன்றும் ஒரு மூச்சுக்கு மேல் போகாது, அது யாந்தினாவின் சட்டம். காகிதம் வைத்திருந்தவர்கள் விரல் வைத்து என் பின்னால் ஓடி வந்தார்கள். ஒரு இளைஞர் நான் ஒரு வரி விட்டுவிட்டதாகச் சொன்னார். பார்த்தால் அவர் பக்கத்தை மாற்றிப் புரட்டியிருந்தார். திரையை என் பக்கம் திருப்பிய அதே மேசை, ஹில்கோ. எனக்கு எழுத்து தெரியாது என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். ஆனால் இயந்திரம் என்ன செய்யும் என்று பார்க்காமல் சொல்லத் தெரிந்தது அன்று எனக்கு மட்டும்தான். உன் அப்பா நான், எழுபத்திரண்டு வயதில் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். அம்மா சாட்சி. (சாட்சிதான். ஆனால் பின்பக்கம் சட்டை வெளியே வந்திருந்தது.)

அம்மையார் அங்கேயே எழுதிக் கையெழுத்திட்டார். இந்த மாகாணத்தில் மதகுக்கும் பாலத்துக்கும் எழுதும் நிரலில் எந்த நிபந்தனையும் அடைப்பில்லாமல் இருக்கக் கூடாது. பெயர்கள் வாயில் வருகிற பெயர்களாக இருக்க வேண்டும். பெட்டிக்குள் போகும் முன், இந்தத் தொழில் தெரியாத ஒருவர் முன்னால் ஒரு முறை உரக்கப் படிக்க வேண்டும். "அப்போ ஒவ்வொரு மதகுக்கும் ஒரு கிழவனைத் தேடணுமா?" என்று மைண்டர்ட் முனகினார். "கிழவியும் செல்லும்" என்றாள் யாந்தினா.

மறுநாள் லாமெர்ட் வந்தார். இந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மூன்று வருடமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர். தடியை வாசலில் சாத்திவிட்டு, "உன்ன மூணு வருஷமாத் திட்டியிருக்கேன், ரூலோஃப். எல்லாத்தையும் திருப்பி எடுத்துக்கறேன். அதுல ரெண்டு மூணு நல்லா அமைஞ்சு வந்துச்சு, அதை மட்டும் வேற யாருக்காவது வெச்சுக்கறேன்" என்றார். பட்டாணி சூப் இரண்டு தட்டு சாப்பிட்டார். போகும்போது படகைத் தொட்டிக்குள் விட்டார். தண்ணீர் சமமானது. மதகின் சங்கு ஊதியது. அதற்குப் பதில் சொல்வது போல லாமெர்டும் தன் படகுச் சங்கை நீளமாக ஊதினார். பின்னால் வரிசையில் காத்திருந்த படகுகளும் ஊத ஆரம்பித்தன, ஒன்று, இரண்டு, ஐந்து என்று. என்ன விசேஷம் என்று பாதிப் பேருக்குத் தெரிந்திருக்காது, இருந்தும் ஊதினார்கள். மாடுகள் வேலி வரைக்கும் ஓடின. அவ்வளவு சங்கை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

இப்போது உன் மூன்றாவது வாக்கியத்துக்கு வருகிறேன்.

அந்த இரண்டு அடைப்புகளை நீ ஏன் மிச்சம் பிடித்தாய் என்று யோசித்தேன். பதில் என்னிடம்தான் இருந்தது. நீ சின்ன வயதில் கயிறு கட்டக் கற்றுக்கொண்டபோது, "வீணாக் கயிறு விடாதே, சுருக்கமாக் கட்டு" என்று உன்னை விரட்டிக்கொண்டே இருந்தவன் நான்தான். படகில் வளர்ந்தவனுக்கு ஒரு முழக் கயிறும் பெரிது. ஆனால் அதே நான், காற்றே இல்லாத நாளிலும், ஒரு நிமிடம்தான் நிற்கும் படகு என்றாலும், இரண்டு முனையிலும் முடிச்சுப் போடாமல் விட்டதில்லை. முதல் பாதியை உனக்கு உரக்கச் சொன்னேன். இரண்டாம் பாதியைச் செய்து காட்டியதோடு விட்டுவிட்டேன், சொல்லவில்லை. அதனால் இந்தத் தவறில் எனக்கும் ஒரு முனை இருக்கிறது. ஒரு முடிச்சு நழுவியதற்காகக் கயிற்றைத் தொடவே மாட்டேன் என்று சொன்ன படகுக்காரனை நான் பார்த்ததில்லை. யாந்தினா பதினேழு துண்டில் பதினாறை உன் எழுத்தின் மேல்தான் கட்டியிருக்கிறாள், பெயரை மாற்றி, அடைப்புப் போட்டு. நல்ல மரம், பெயின்ட்தான் இல்லை என்று அவள் சொன்னாள். நான் சொல்லவில்லை.

கடைசியாக ஒன்று. உங்கள் அலுவலகத்துப் பழக்கம் இன்னும் மாறவில்லை. யாருடைய தவறு அகப்படுகிறதோ அவர்தான் எல்லாருக்கும் கேக் வாங்கி வர வேண்டும். எழுதியவரும், பார்த்துக் கையெழுத்திட்டவரும். மைண்டர்ட் சனிக்கிழமை நம் வீட்டுக்கே கொண்டுவந்தார். பெரிய பெட்டி, பன்னிரண்டு பேருக்கானது. திறந்தால் சரியாகப் பாதிக் கேக், கத்தியால் நேராக வெட்டியது. மறு பாதி காலி. "என் பங்கு இவ்வளவுதான். மிச்சம் ஹில்கோவோடது. அவனுக்காக நான் வாங்கினா முறை ஆகாது" என்றார். இந்தக் கஞ்சத்தனத்தில் என்ன ஒரு நியாயம் பார். நாங்கள் அவர் பாதியைச் சாப்பிட்டுவிட்டோம். பெட்டி அலமாரி மேல் இருக்கிறது.

நவம்பர் பதினோராம் தேதி விளக்குத் திருநாள், குழந்தைகள் பாட்டுப் பாடிக்கொண்டு வருவார்கள், யாந்தினாவும் வருகிறேன் என்றிருக்கிறாள். அங்கே பெர்கனிலிருந்து கப்பல் திங்களும் வியாழனும் கிளம்புகிறதாம், அம்மா விசாரித்துவிட்டாள். பேச வேண்டும் என்ற கட்டாயம் ஒன்றும் இல்லை. கேக்கை வைத்துவிட்டு உட்கார்ந்தாலே போதும். செர்ரி போட்டது வேண்டாம், என் பல்லுக்கு ஆகாது.

உன் கை நல்ல கை. அது எழுதட்டும், ஆயிரம் வருடம் எழுதட்டும், இரண்டு முனையும் கட்டி எழுதட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
ரூலோஃப்

அம்மா எழுதுவது: மேலே உள்ள கையெழுத்து அவருடையதேதான். ஒரு வாரமாகப் பயிற்சி எடுத்தார், எழுதும் தாள் ஏழு வீணாயிற்று. அந்தக் காலிப் பெட்டியைத் தூசி தட்டக்கூட என்னைத் தொட விடுவதில்லை, தானே தினமும் துடைக்கிறார். சைக்கிள் சங்கிலிக்கு இந்த மாதத்தில் நான்காவது முறையாக எண்ணெய் போட்டுவிட்டார். தரையெல்லாம் எண்ணெய். சீக்கிரம் வந்து சேர்.